ஓராண்டிலேயே கல்லூரியை விட்டுவிடுவது சரியா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் சிலர் முதலாண்டு முடிந்ததுமே என்பிஏ என்னும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டுக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார்களே, படிப்பை முடித்துவிட்டுப் போனால் அவர்களுக்கு என்ன நட்டம்?

பதில் 1: நட்டம் பெரிதுதான், ஐயா. முதல் சுற்றில் தேர்வாகிறவருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. அதைத் தள்ளிப்போட்டு, இடையில் முழங்காலில் காயம்பட்டால் யார் ஈடுசெய்வார்? கெவின் டுராண்ட் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு மட்டுமே ஆடி, 2007-இல் இரண்டாவதாகத் தேர்வானார்.

பதில் 2: டுராண்டை எல்லோருக்கும் அளவுகோலாக வைப்பது எனக்கு அச்சம் தருகிறது. இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்படுபவருக்கு அந்த உறுதி கிடையாதே! டிம் டங்கன் நான்கு ஆண்டுகளும் படித்து, 1997-இல் முதலாவதாகத் தேர்வானார்.

பதில் 3: பள்ளியிலிருந்து நேரே வருவதைத் தடுத்து, 19 வயதை வரம்பாக்கிய, என்பிஏவும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2005 ஒப்பந்தமே இந்த ஓராண்டு வழக்கத்தைப் பரவலாக்கியது. ஆனால் 2021 முதல் கல்லூரி வீரர்களும் விளம்பரங்களின் வழியே பணம் பெறலாம் என்பதால், குடும்பத்தின் வறுமைக்காக மட்டுமே அவசரப்பட்டு வெளியேற வேண்டிய நெருக்கடி சிலருக்கேனும் தளர்ந்திருக்கிறது.