அக்கா வீட்டுச் சாமான்: மதுரையிலிருந்து ஃபரிதாபாத்துக்கு லாரியில்

தம்பிக்காரன்
அக்கா வீடு மதுரையிலிருந்து டெல்லிக்குப் பக்கத்திலுள்ள ஃபரிதாபாத்துக்கு மாறுகிறது. இரண்டு பெட்ரூம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், அத்தானின் அம்மா. ஃப்ரிட்ஜ், ஃபிரன்ட் லோட் வாஷிங் மெஷின், ஏசி ஒன்று, கிரைண்டர், பீரோ, கட்டில் இரண்டு, ஒரு ஸ்கூட்டர், ஒன்பது படி கொலு பொம்மை. இவ்வளவு தூரம் சாமான் அனுப்பிப் பழகியவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நாமக்கல் புக்கிங்
முதல்ல பார்ட் லோடா (மத்தவங்க சரக்கோட சேர்த்து அனுப்புறது), முழு வண்டியான்னு முடிவு பண்ணுங்க. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

பார்ட் லோடுன்னா உங்க சாமான் ஒரே வண்டியில போகாது. மதுரை குடோன்ல இறங்கும், பெங்களூருலயோ ஹைதராபாத்துலயோ வேற வண்டிக்கு மாறும், டெல்லி குடோன்ல இன்னொரு தடவை இறங்கும், அங்கிருந்து சின்ன வண்டியில வீட்டுக்கு வரும். ஒவ்வொரு இடத்துலயும் புது ஆள் தூக்குறான், வேற ஒருத்தர் சரக்கு மேல ஏத்துறாங்க. சாமான் ரோட்டுல உடையறதை விட கை மாறுற இடத்துல உடையறதுதான் அதிகம். அட்டைப் பெட்டி காணாமப் போறதும் அங்கதான். வாடகை பாதிக்குப் பாதி குறையுதுன்னு பார்க்காதீங்க.

நீங்க சொன்ன சாமானுக்கு 14 அடி மூடின கன்டெய்னர் போதும். உள்ளளவு சுமாரா 14க்கு 6க்கு 6, அதாவது 500 கன அடி. வண்டிக்கு வண்டி உயரம் மாறும், அதனால ஏத்துறதுக்கு முன்னாடி டேப் வச்சு அளந்துடுங்க. ஸ்கூட்டரும் சோஃபா செட்டும் சேர்ந்தா 17 அடி கேளுங்க. ரொம்பப் பெருசு எடுத்தாலும் தப்பு. காலி இடம் விட்டா சாமான் ஆடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 14 அடி வண்டி மூணரை டன்னுக்கு மேல தாங்கும். வீட்டுச் சாமான் இடத்தை அடைக்குமே தவிர எடை ஒன்றரை, ரெண்டு டன்தான் வரும். பாரம் கம்மியா இருந்தா பட்டைப் பட்டையா அடுக்கின லீஃப் ஸ்ப்ரிங் அமுங்காது. ஒவ்வொரு பள்ளத்துலயும் வண்டி குதிக்கும். சிமென்ட் ஏத்தின லாரி அலுங்காமப் போகும், வீட்டுச் சாமான் ஏத்தின லாரி துள்ளிக்கிட்டே போகும். பின் ஆக்சிலுக்கும் பின்னால நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதிதான் அதிகம் தூக்கிப் போடும். அதனால பீரோ, ஃப்ரிட்ஜ், புத்தகப் பெட்டி எல்லாம் கேபின் பக்கம், அடியில. கண்ணாடி, டிவி, கொலுப் பெட்டி நடுவுல. கடைசி மூணு அடியில மெத்தை, துணி மூட்டை, பிளாஸ்டிக் நாற்காலி. ஒவ்வொரு நாலு அடிக்கும் குறுக்கே கயிறு போட்டு இறுக்கணும். கடைசியில ஒரே கயிறு கட்டுறது கணக்குல சேராது.

ரூட் சுலபம். மதுரையில 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில ஏறினா நாமக்கல், சேலம், பெங்களூரு, கர்னூல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, குவாலியர், ஆக்ரான்னு ஃபரிதாபாத் வரைக்கும் ரோட்டு நம்பர் மாறாது. ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்குப் பக்கம். ஒத்தை டிரைவர்னா ஒரு நாளைக்கு 400, 450 ஓட்டுவார், ஆறேழு நாள் ஆகும். ரெண்டு டிரைவர்னா நாலஞ்சு நாள். டிசம்பர் கடைசி, ஜனவரின்னா குவாலியருக்கு மேல மூடுபனி. ராத்திரி வண்டிய ஓரங்கட்டிடுவாங்க, ஒரு நாள் ரெண்டு நாள் கூடும். அதுக்கு டிரைவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

வண்டி பிஎஸ்6ஆ (புகைக் கட்டுப்பாட்டுல புது தர வண்டி), நேஷனல் பெர்மிட் இருக்கான்னு ஆர்சி போட்டோ வாங்கிப் பாருங்க. டெல்லி சுத்துவட்டாரத்துல குளிர்காலத்துல காத்து கெட்டுப் போனா பழைய டீசல் லாரியை நிறுத்திடுவாங்க.

பெட்டி கட்டுறவர்
ஏற்றுவதைப் பற்றி மேலே சொன்னது சரி. கட்டுவதில் எங்கே தவறும் என்று சொல்கிறேன்.

ஃபிரன்ட் லோட் மெஷின்தான் முதல் பலி. டிரம் மேலே ஸ்ப்ரிங்கில் தொங்குகிறது, கீழே ஷாக் அப்சார்பர் தாங்குகிறது, ஆடாமல் இருக்க காங்கிரீட் எடைக்கல் வேறு கட்டியிருக்கும். 2,600 கிலோமீட்டர் அது ஊஞ்சல் ஆடினால் ஷாக் அப்சார்பரும் கல் பிடித்திருக்கும் இடமும் போய்விடும். அதற்குத்தான் வாங்கும்போது டிரான்சிட் போல்ட் கொடுக்கிறார்கள். மெஷினின் முதுகில் நான்கு ஓட்டைகள், சில மாடலில் மூன்று, பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருக்கும். மூடியை நெம்பி எடுத்து, ரப்பர் உறையோடு போல்ட்டை நுழைத்து, ஸ்பேனரால் டிரம் அசையாத வரை இறுக்க வேண்டும். வீடு முழுக்கத் தேடியும் போல்ட் கிடைக்கவில்லையா? மாடல் எண் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்டால் தனியாகவே கிடைக்கும். பத்து நாள் முன்பே கேட்டு வையுங்கள். டிரம்முக்குள் தலையணை திணிப்பதால் பயன் இல்லை. ஆடுவது டிரம்மே தவிர, உள்ளே இருப்பது அல்ல. முன்பக்கம் கீழே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து ஃபில்டரில் தேங்கிய தண்ணீரையும் வடியுங்கள். நிறையவே வரும். விட்டால் அது வழியில் ஒழுகி மெத்தையில் இறங்கும்.

ஃப்ரிட்ஜை முந்தின நாள் காலையிலேயே அணைத்து, ஐஸ் கரைந்ததும் பின்னால் கம்ப்ரசருக்கு மேல் இருக்கும் தட்டைக் கவிழ்த்து ஊற்றுங்கள். கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்துத் தனியாகச் சுற்றுங்கள். கதவை செல்லோ டேப் போட்டு ஒட்டக்கூடாது. வெயிலில் பசை இளகிப் பெயின்டோடு வரும். ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றினால் போதும். நிற்க வைத்தே ஏற்ற வேண்டும்; படுக்க வைத்தால் கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் ஓடிவிடும். நிற்க வைத்து வந்தது என்றால் மூன்று நான்கு மணி நேரம் கழித்து சுவிட்ச் போடலாம். படுத்து வந்தது என்று தெரிந்தால் ஒரு நாள் பொறுங்கள்.

டேபிள் டாப் கிரைண்டரில் கல்லை டிரம்முக்குள்ளேயே வைத்து அனுப்புகிறவர்கள் அதிகம். வழியெல்லாம் கல் இடித்து அடிக்கல் விளிம்பு சில்லு விடும், பிளாஸ்டிக் பாடியும் விரியும். உருளைக் கல், டிரம், மோட்டார் பாகம் மூன்றும் மூன்று பெட்டி.

கொலு பொம்மைக்கு தெர்மோகோல் உருண்டை வேண்டாம். அது விலகி விலகிப் பொம்மை அடிக்குப் போய்விடும். மண் பொம்மை உள்ளே கூடு. முதலில் அடித் துளை வழியாகச் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். மூக்கு, விரல், கிரீடம் மூன்றிலும் பஞ்சு வைத்து மெல்லிய நூலால் கட்டி, பிறகு பழைய வேட்டித் துணி, அதற்கு மேல் பபிள் ஷீட். பெட்டியில் நின்ற நிலையில், ஒரே அடுக்கு. இரண்டு பொம்மைக்கு நடுவே கை நுழைந்தால் இன்னும் இறுகவில்லை என்று பொருள். செட்டியார் பொம்மை, தசாவதாரம் போன்ற செட்டுகளை ஒரே பெட்டியில் வைத்து மேலே எண்ணிக்கை எழுதுங்கள். செட்டில் ஒன்று குறைந்தால் அக்கா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, 15 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. தட்டு, பீங்கான் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். படுக்க வைத்து அடுக்கினால் அடித் தட்டு எல்லாப் பாரத்தையும் தாங்கும். டிவியும் அப்படித்தான், நிற்க வைத்து மெத்தைக்கும் கட்டில் பலகைக்கும் நடுவே. கட்டில் ஸ்க்ரூவை ஒரு ஜிப் கவரில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே கட்டுங்கள். எல்லா ஸ்க்ரூவையும் ஒரே டப்பாவில் போட்டால் அங்கே போய் ஒரு நாள் முழுக்க ஜோடி சேர்க்கும் வேலைதான்.

ஏசி மெக்கானிக்
ஏசி பற்றிச் சுருக்கமாக. பைப்பைச் சும்மா கழற்றினால் கேஸ் முழுக்கப் போய்விடும். 'பம்ப் டவுன்' செய்யச் சொல்லுங்கள். கூல் மோடில் 16 டிகிரியில் ஓடவிட்டு, அவுட்டோரில் மெல்லிய பைப்பின் வால்வை ஆலன் கீ போட்டு மூட வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் கேஜ் இறங்கி வரும்போது தடித்த பைப்பின் வால்வையும் மூடி உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். கேஸ் அவுட்டோருக்குள் அடங்கிவிடும். கேஜ் இல்லாமல் வருகிறவரை அனுப்பிவிடுங்கள்.

செம்புக் குழாயின் நான்கு முனையையும் டேப் போட்டு அடைக்க வேண்டும், ஈரம் புகுந்தால் அங்கே கம்ப்ரசர் போகும். ஃபரிதாபாத்தில் மாட்டும்போது வேக்குவம் போடாமல் (குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்ப்பால் உறிஞ்சி எடுக்காமல்) வால்வைத் திறக்க விடாதீர்கள். ரிமோட்டை இன்டோர் பெட்டிக்குள் வைத்துக் கட்டுங்கள்.

குறைச்சு எடுத்துட்டுப் போங்க
எல்லாத்தையும் ஏத்தணும்னு என்ன இருக்கு? பார்ட்டிகிள் போர்டு அலமாரியை இன்னொரு தடவை கழற்றினா ஸ்க்ரூ பிடிக்கிற ஓட்டை பொடிஞ்சிடும், அங்க போய் நிக்காது. இங்கயே கொடுத்திடுங்க. பழைய இலவம்பஞ்சு மெத்தை, மூணு வருஷம் தாண்டின இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படித்தான். பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல, சாஞ்சா ஆசிட். கொண்டு போயே ஆகணும்னா டெர்மினல் ரெண்டுக்கும் டேப் ஒட்டி நிக்க வச்சு.

கேஸ் சிலிண்டர் லாரியில ஏறவே கூடாது. ஏஜென்சியில சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சா டெபாசிட் திரும்பும், டி.வி. (டெர்மினேஷன் வவுச்சர்) சீட்டு கொடுப்பாங்க. அதைக் காட்டித்தான் அங்க புது கனெக்‌ஷன். போற வீட்டுல பைப் கேஸ் இருந்தா இந்த அடுப்பு அப்படியே எரியாது, ஜெட் (கேஸ் வர்ற சின்னத் துளை உள்ள பாகம்) மாத்தணும்.

விக்கக் கூடாத ஒண்ணு சொல்றேன். வீட்டுல கிடப்புல கிடக்கிற ஏர் கூலர். நம்ம பக்கம் காத்துல ஈரம் இருக்கிற நாள்ல அது புழுக்கத்தைக் கூட்டும். ஏப்ரல், மே மாசம் அந்தப் பக்கம் வறண்ட வெயில், அங்கதான் அது சரியா வேலை செய்யும். கீசரையும் விட்டுட்டுப் போயிடாதீங்க, டிசம்பர்ல தெரியும்.

சாமான் அறுபது எழுபது கன அடிக்குள்ள அடங்கினா மட்டும் பார்ட் லோடு யோசிக்கலாம். அதுலயும் துணி, பாத்திரம், புத்தகம் மட்டும்.

எல்.ஆர். பார்க்கிறவர்
காகித விஷயத்தில் பலர் ஏமாறுவது 'இன்சூரன்ஸ்' என்ற ஒரு சொல்லில். பில்லில் சதவீதம் போட்டு வாங்குவதெல்லாம் இன்சூரன்ஸ் ஆகாது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் உள்ள சான்றிதழ் கையில் வந்தால்தான் இன்சூரன்ஸ். வீட்டுக்காரர்களே கட்டிய பெட்டிக்குப் பொறுப்பில்லை என்று அதில் ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காப்பீடு இல்லாவிட்டால் சட்டம் என்ன தரும்? சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இன்படி, சரக்கின் மதிப்பை எழுதிக் கொடுக்காவிட்டால், சேதத்துக்கு லாரி கம்பெனியின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்குக்கு மேல் போகாது. உதாரணத்துக்கு, பார்ட் லோடு வாடகை 9,000 என்றால் எல்லாம் தொலைந்தாலும் 90,000தான் உச்சம். வழக்குப் போட வேண்டுமானால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். போனில் திட்டியது கணக்கில் வராது.

எல்.ஆர்.இல் (லாரி கம்பெனி தரும் சரக்கு ரசீது) 'ஓனர்ஸ் ரிஸ்க்', அதாவது சேதமானால் பொறுப்பு சரக்குக்காரருக்கே, என்று முன்கூட்டியே டிக் செய்து நீட்டுவார்கள். கையெழுத்துப் போடுமுன் அதைப் பாருங்கள். வண்டி எண், சீல் எண், பெட்டி, மூட்டைகளின் மொத்த எண்ணிக்கை மூன்றும் எல்.ஆர்.இல் இருக்க வேண்டும். சீலைப் போட்டோ எடுங்கள்.

பழைய வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) தேவையில்லை, விதியிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் வழியில் நிறுத்திக் கேட்டால் டிரைவர் காட்ட ஒரு தாள் வேண்டும்: 'சொந்த உபயோகத்தில் இருந்த வீட்டுச் சாமான், விற்பனைக்கு அல்ல' என்ற உறுதிமொழி, பொருள் பட்டியல், அத்தானின் மாற்றல் கடித நகல், ஆதார் நகல். பெட்டி பிரிக்காத புது டிவி இருந்தால் அதன் பில்லும். புதுப் பெட்டியைப் பார்த்தால்தான் கேள்வி வரும்.

விலை பேசும்போது மூன்றாவது மாடியிலிருந்து இறக்குகூலி, அங்கே ஏற்றுகூலி, டோல், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தா என எழுதி வாங்குங்கள். 'அன்லோடிங் தனி' என்ற பேச்சு சாமான் வாசலுக்கு வந்த பிறகுதான் எழும். அப்போது பேரம் பேச முடியாது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

ஸ்கூட்டருக்கு ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு. டெல்லி சுற்றுவட்டாரத்தில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் 2015 முதல் கெடுபிடி. இடையிடையே தளர்வு வந்தாலும், அந்த வயதை நெருங்கிய வண்டியை மதுரையிலேயே விற்றுவிடுவது மேல். ஏற்றும்போது பெட்ரோலை முழுக்க வடித்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, கண்ணாடிகளைத் திருகி எடுத்துவிடுங்கள்.

ஃபரிதாபாத் வாசி
குடும்பத்தை ரயிலில் அனுப்புங்கள். மதுரையிலிருந்து தமிழ்நாடு சம்பர்க் கிராந்தி, மதுரை வழியாகத் திருக்குறள் எக்ஸ்பிரஸ், இரண்டும் வாரத்துக்கு இரண்டு நாள், டெல்லி ஹஸ்ரத் நிஜாமுதீனில் இறங்கலாம். லாரி கிளம்பிய அன்றே ஏறினால் சாமானுக்கு மூன்று நான்கு நாள் முன்னால் வந்துவிடுவார்கள். அந்த நாட்களுக்கு ஒரு பை: இண்டக்‌ஷன் அடுப்பு, குக்கர், இரண்டு பாய், போர்வை, மக், எக்ஸ்டென்ஷன் ஒயர், மாத்திரை. அத்தானின் அம்மாவுடைய மாத்திரைப் பெட்டி தவறிக்கூட லாரியில் போகக் கூடாது. நகை, பத்திரம், பிள்ளைகளின் டி.சி.யும் கைப்பையில்தான்.

இங்கே அடுக்குமாடிகளில் ஆர்.டபிள்யூ.ஏ. (குடியிருப்போர் சங்கம்) அனுமதிச் சீட்டு இல்லாமல் லாரியைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள். சர்வீஸ் லிஃப்டுக்கு நேரம் வைத்திருப்பார்கள், ஞாயிறு மறுப்பதும் உண்டு. கேட் வளைவின் உயரத்தை முன்கூட்டியே கேட்டு டிரைவருக்குச் சொல்லுங்கள். உயரம் போதாவிட்டால் வெளியே நிறுத்திச் சின்ன வண்டியில் மாற்ற வேண்டிவரும், அதற்குத் தனிக் கூலி.

இறக்கும்போது ஒருவர் லாரி வாசலில் பட்டியலோடு நின்று எண் சொல்ல, ஒருவர் வீட்டுக்குள் எந்த அறை என்று காட்டட்டும். எல்லாப் பெட்டியும் வரும் முன் டெலிவரி நகலில் கையெழுத்து வேண்டாம். உடைந்தது, நசுங்கியது எல்லாவற்றையும் அந்த நகலிலேயே எழுதிவிட்டுப் போடுங்கள்.

தம்பிக்காரன்
வாஷிங் மெஷின் போல்ட்டை இங்கே இறுக்கிவிடுகிறேன். அங்கே போனதும் உடனே ஓட்டலாமா?

பெட்டி கட்டுறவர்
நான்கையும் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். மறந்து ஸ்பின் போட்டால் மெஷின் நடந்து பாத்ரூம் வாசலுக்கு வந்து நிற்கும். லாரியில் ஏற்றும் முன்பே மெஷின் கதவில் 'போல்ட் இருக்கிறது' என்று பெரிதாக ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். கழற்றிய போல்ட்டை ஒரு கவரில் போட்டு மெஷின் முதுகிலேயே டேப் போட்டு ஒட்டுங்கள். அடுத்த மாற்றலுக்கு ஆகும்.