ஓடிஜியில் தந்தூரி சிக்கன்: தட்டு முழுக்கத் தண்ணீர், கருகல் மட்டும் வரவில்லை

கோவைக்கிளி:
வீட்டில் 28 லிட்டர் ஓடிஜி (கரண்டில் ஓடும் பேக்கிங் அடுப்பு) இருக்கிறது. கேக், பிஸ்கட் எல்லாம் குறையில்லாமல் வருகின்றன. தந்தூரி சிக்கன் மட்டும் உருப்பட மாட்டேன் என்கிறது. தோல் உரித்த முழுக்கால்கள், மொத்தம் ஒரு கிலோ. தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், கரம் மசாலா, எலுமிச்சைச் சாறு, உப்பு, கொஞ்சம் எண்ணெய் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து தடவி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைக்கிறேன். மறுநாள் சாயங்காலம் தட்டில் ஃபாயில் விரித்து, துண்டுகளை அடுக்கி, 200 டிகிரியில் 40 நிமிடம்.

கறி வெந்துவிடுகிறது. ஆனால் தட்டில் மஞ்சள் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதில் திரிந்த தயிர் வெள்ளை வெள்ளையாக மிதக்கிறது. மசாலா வழிந்து அடியில் கிடக்கிறது. துண்டைப் பார்த்தால் குழம்பிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது. நேரத்தைக் கூட்டினால் நார்நாராக வறண்டுவிடுகிறது. மசாலாவில் என்ன மாற்ற வேண்டும்?

மசாலா டப்பா:
ஒரு டீஸ்பூன் கேசரி கலர் சேருங்கள், கடையில் வாங்கியது மாதிரியே இருக்கும்.

கரண்டி:
கலர் வேண்டாம். மசாலாவிலும் கை வைக்க வேண்டாம். உங்கள் பிரச்சினை தண்ணீர். கறியின் மேல்பக்கம் ஈரமாக இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பேறுவதற்கு 140 டிகிரிக்கு மேல் வேண்டும். தட்டில் தேங்கிய நீரில் கறி உட்கார்ந்திருந்தால் அது அவிகிறது, சுடப்படவில்லை.

தண்ணீர் மூன்று வழியில் வருகிறது. கழுவிய கோழியைத் துடைக்காமல் மசாலா போடுவது ஒன்று. அலசிய பிறகு ஒரு பழைய காட்டன் துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றியெடுங்கள், மடிப்புகளுக்குள்ளும். அடுத்தது தயிர். பாக்கெட் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே பாத்திரம் கொடுத்து, நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் விடுங்கள். அரை லிட்டர் தயிரில் ஒரு டம்ளர் தண்ணீர் தாராளமாக இறங்கும். மிச்சம் இருப்பது கரண்டியைக் கவிழ்த்தாலும் விழக் கூடாது. அதோடு ஒரு மேசைக்கரண்டி கடலை மாவைக் கொஞ்சம் எண்ணெயில் பச்சை வாசனை போக வறுத்துச் சேர்த்தால் மசாலா கறியைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது உப்பு, அது கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும். அதனால்தான் தந்தூரிக்காரர்கள் இரண்டு தடவையாக ஊறவைக்கிறார்கள். கறியில் எலும்பைத் தொடும்வரை ஆழமாகக் கீறி, முதலில் உப்பு, எலுமிச்சை, இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள் மட்டும் தேய்த்து அரை மணி நேரம் வையுங்கள். கிண்ணத்தில் நீர் விட்டிருக்கும், அதைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் தயிர்க் கலவை. எலுமிச்சையைத் தயிரோடு சேர்த்து ராத்திரி முழுக்க விட்டால் மேல்சதை மாவு மாதிரி ஆகிவிடும்.

தட்டில் நேராக அடுக்காதீர்கள். ஓடிஜியோடு கம்பி வலை கொடுத்திருப்பார்கள், அதன்மேல் இடைவெளி விட்டு வையுங்கள். ஃபாயில் விரித்த தட்டு கீழ்த்தட்டில் இருக்கட்டும். புகை வராமல் இருக்க அதில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் ஆட்களும் உண்டு, கேட்காதீர்கள், திரும்பவும் ஆவிதான்.

தில்லிவாசி:
கரண்டி சொன்னதில் சூடு விட்டுப்போயிற்று. 200 போதவே போதாது. தந்தூர் அடுப்புக்குள் 400 டிகிரிக்கு மேல் சர்வசாதாரணமாக இருக்கும். மண்சுவர் நாலா பக்கமும் அனல் வீசும், கம்பியில் நட்டுவைத்த கோழியிலிருந்து வடியும் நீரும் கொழுப்பும் கீழே கரியில் விழுந்து புகையாகத் திரும்பி மேலே வரும். அந்த வாசனைதான் பாதி ருசி. வீட்டு ஓடிஜி 250-ல் நின்றுவிடும். ஆகவே குமிழைக் கடைசிவரை திருப்புங்கள், சூடேறும் மேல் கம்பி, கீழ் கம்பி, ஃபேன் மூன்றையும் போடுங்கள்.

இன்னொரு தொழில் ரகசியம். நல்ல தாபாவில் நின்று பார்த்தால் தெரியும். கோழியை ஒரே மூச்சில் சுட மாட்டார்கள். முக்கால் பதம் வெந்ததும் கம்பியோடு வெளியே எடுத்துத் தொங்கவிடுவார்கள். நீர் சொட்டி முடிந்த பின் வெண்ணெய் தடவித் திரும்ப இறக்குவார்கள். நீங்களும் 20 நிமிடத்தில் வெளியே எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, உருக்கிய வெண்ணெய் தடவி, மேல் கம்பியை ஒட்டிய தட்டுக்கு மாற்றி மீதியைச் சுடுங்கள். கிண்ணத்தில் மிஞ்சிய மசாலாவைக் கடைசியில் பூசாதீர்கள், அது பச்சைக் கோழி பட்டது.

கேசரி கலர் வேண்டாம் என்பதை நானும் வழிமொழிகிறேன். கர்நாடகத்தில் 2024 ஜூனில் கபாப்களில் செயற்கை நிறத்துக்குத் தடையே போட்டார்கள். காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி போட்டால் நிறம் வரும், காரம் ஏறாது. அதைச் சூடு செய்த கடுகெண்ணெயில் குழைத்துப் போட்டால் இன்னும் நல்லது.

மசாலா டப்பா:
கடுகெண்ணெய் வாடை எங்கள் வீட்டில் யாருக்கும் ஆகாது. நல்லெண்ணெய் ஊற்றலாமா?

தில்லிவாசி:
நல்லெண்ணெய் வாசனை தனியாகத் தெரியும். கடலை எண்ணெய் போடுங்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கோவைக்கிளி:
எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். 250-ல் வைத்தால் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை. அரை மணி நேரம் ஆனாலும் எரிந்துகொண்டே இருக்கிறது. கேக்குக்கு 170 வைக்கும்போது சரியாக அணைகிறது.

ஃப்யூஸ் போனவன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா! விளக்கு அணையவில்லை என்றால் ஓடிஜி 250-ஐத் தொடவே இல்லை. சாயங்காலம் உங்கள் பக்கம் வோல்டேஜ் எவ்வளவு? ஸ்டெபிலைசரிலோ மீட்டரிலோ பாருங்கள். 230-க்குப் பதில் 190 வந்தால் சூடு அதே அளவில் குறையாது, வோல்டேஜை அதனாலேயே பெருக்கிய கணக்கில் (வர்க்கத்தில்) குறையும். 1500 வாட் ஓடிஜி சுமார் 1000 வாட்தான் வேலை செய்யும். 170-க்கு அது போதும், 250-க்குத் திணறும். மோட்டாரும் ஏசியும் ஓடாத நேரத்தில் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சுவரில் 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் சொருகுங்கள். கதவைத் திறந்து திறந்து பார்க்கவும் கூடாது.

கரண்டி:
ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற ஒரு கிலோவை அப்படியே உள்ளே தள்ளினாலும் அடுப்பு தடுமாறும். அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். அரைக் கிலோவாக இரண்டு ஈடு போடுவது இன்னும் நல்லது.

கோவைக்கிளி:
மதியம் மூன்று மணிக்குச் செய்தேன், வோல்டேஜ் 225. விளக்கு 20 நிமிடத்தில் அணைந்துவிட்டது! தயிர் வடிகட்டி, வலையில் வைத்து, நடுவில் எடுத்து ஆறவிட்டு, கடைசி ஆறு நிமிடம் மேல் கம்பி மட்டும். கீறல் ஓரங்களெல்லாம் கருத்து மொறுமொறுவென்று வந்தது. கீழ்த்தட்டில் சொட்டியது நாலைந்து ஸ்பூன்தான் இருக்கும். இரண்டு குறை. உள்பக்க மூலையில் இருந்த துண்டு மட்டும் அதிகமாகக் கருகிவிட்டது. இன்னொன்றில் எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருந்தது, பயந்துகொண்டு திரும்பச் சுட்டேன்.

கரண்டி:
ஓடிஜியில் ஒரு பக்கம் எப்போதும் சூடு அதிகம். நடுவில் எடுக்கும்போது வலையைத் திருப்பி வையுங்கள். எலும்பை ஒட்டிய சிவப்பு மஜ்ஜையிலிருந்து வரும், இளங்கோழியிலும் ஃப்ரோசன் கோழியிலும் அதிகம். நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. குச்சித் தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் சதையில் குத்துங்கள். 74 டிகிரி காட்டினால் சாப்பிடலாம், கால் பகுதிக்கு 80 தாண்டினால்தான் பதம் நன்றாக இருக்கும்.

கோவைக்கிளி:
புகை வாசனை?

தில்லிவாசி:
இஸ்திரிக் கடையில் இரண்டு துண்டு கரி கேட்டு வாங்குங்கள். கேஸில் சிவக்கக் காய்ச்சி, சின்னக் கிண்ணத்தில் போட்டு, சுட்ட கோழி இருக்கும் பாத்திரத்தின் நடுவில் வைத்து, அரை ஸ்பூன் நெய் விட்டு உடனே மூடுங்கள். மூன்று நிமிடம் போதும், அதற்கு மேல் விட்டால் கசக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.