கிளவுடில் வைத்த தகவல் வெளியே போன அனுபவம் உண்டா? பகிருங்கள்

ஈரோட்டுக்காரி:
ஒரு லேபுக்கு ரிப்போர்ட் அனுப்பும் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறேன். எஸ்எம்எஸ்ஸில் லிங்க் போகும், பிடிஎஃப் திறக்கும், தெரிந்ததுதான். ஒருநாள் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஒரு பெரியவர் போன் செய்தார். "பையன் கம்ப்யூட்டர்ல பார்த்துப் பார்த்து அடிச்சேம்மா, ஒரு நம்பர் மாறிடுச்சு போல. வேற யாரோட சுகர் ரிப்போர்ட்டோ வருது."

லிங்கின் கடைசி எண்ணை மாற்றி நானும் அடித்தேன். 19 வயதுப் பெண், யூரின் பிரெக்னன்சி டெஸ்ட், பாசிட்டிவ். பெயர், ஊர், செல் நம்பர் எல்லாம் இருந்தன. அடுத்த எண்ணை அடிக்க எனக்கு விரல் வரவில்லை. ரிப்போர்ட் திறக்கவில்லை என்று யாரோ புகார் சொன்னதற்காக, எனக்கு முன்பு வேலை பார்த்தவர், ரிப்போர்ட் எல்லாம் இருக்கும் எஸ்3 பக்கெட்டையே (அமேசான் கிளவுடில் ஃபைல் வைக்கும் இடம்) எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார். உடனே மூடினேன். லேப் ஓனர் கேட்டார்: "காசு கட்டித்தானே கிளவுடுல வெச்சிருக்கோம், அவங்க பாத்துக்க மாட்டாங்களா?"

வடசென்னை வாசி:
அவர் கேட்டதில் என்ன தப்பு? மாதாமாதம் பில் போடுகிறவர்களுக்குப் பொறுப்பு இல்லையா? எங்கள் அபார்ட்மென்டில் எல்லோருடைய ஆதார் நகலும் ஒரே டிரைவ் ஃபோல்டரில் இருந்தது. லிங்க் வைத்திருந்தால் யாரும் திறக்கலாம். காலி செய்துவிட்டுப் போன ஒருவர், அட்வான்ஸ் தகராறில் வீட்டு ஓனரம்மாவின் ஆதாரை எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். அந்த அம்மா பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. சங்கச் செயலாளர் நான்தான். அப்படி ஒரு லிங்கை ஏன் இவ்வளவு சுலபமாகக் கொடுக்க விடுகிறார்கள்?

பழைய சர்வர்:
வடசென்னை, ஃபோல்டரைத் திறந்து வைத்தது நீங்கள். எஸ்3-யில் 2023 ஏப்ரல் முதல் புது பக்கெட் எல்லாம் மூடியேதான் வருகிறது. திறப்பது நாம். கட்டடம், மின்சாரம், சர்வர் அவர்கள் பொறுப்பு. யாருக்கு அனுமதி, எது திறப்பு என்பதெல்லாம் நம் பொறுப்பு. 2019-இல் கேபிடல் ஒன் வங்கியின் தகவல் அமேசான் கிளவுடிலிருந்து திருடுபோனது, அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 கோடிப் பேருடையது. 8 கோடி டாலர் அபராதம் வங்கிக்குத்தான் விழுந்தது.

என் கதை சின்னது. பள்ளி ஒன்றின் ஃபீஸ் கணக்கையும் அதன் பேக்கப்பையும் ஒரே அக்கவுன்டில் வைத்திருந்தேன். ஒரு தப்பான கமாண்டில் இரண்டும் போயின.

ஈரோட்டுக்காரி, கேட்காமலே சொல்கிறேன். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவைப் படியுங்கள். வேறொருவர் மூலம் தகவலைக் கையாண்டாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பொறுப்பு லேபுக்குத்தான். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இப்படி ஒன்று நடந்தால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், லாக்கை, அதாவது யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவை, 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் 2022-இலிருந்தே இருக்கிறது. அப்புறம், லிங்கில் வரிசை எண்ணே வேண்டாம். சற்று நேரத்தில் காலாவதியாகிற லிங்க் கொடுங்கள், திறக்க ஓடிபி கேளுங்கள். ஓனரிடம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

ஈரோட்டுக்காரி:
அந்தக் கடைசி வரிதான் சார் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. மறுநாளே அந்தப் பெண்ணின் நம்பருக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தார். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த நாள் பதினொரு மணிக்கு, காலேஜில் இருப்பாள் என்று நினைத்து மறுபடி கூப்பிட்டேன். அவளே எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வேற யாராச்சும் பார்த்திருக்காங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பக்கெட்டுக்கு லாக்கை யாருமே ஆன் செய்திருக்கவில்லை. தெரியவில்லைம்மா என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.