'ஹனமிச்சி'க்குத் தமிழ்ச்சொல்: 'ஊடுமேடை' என ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். ஜப்பானிய நாடக வரலாற்றுக்கான சொற்பட்டியலில் 'ஹனமிச்சி' என்பதற்கு நேராக இதுவரை 'மலர்ப்பாதை', 'வரவுப்பாதை', 'நடைமேடை' ஆகிய மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணங்களைச் சொல்லி, நான்காவதாக 'ஊடுமேடை' என்பதை முன்வைக்கிறேன். பெண்வேடம் கட்டும் 'ஒன்னகதா'வுக்கு நம் நாடகக் கம்பெனிகளின் 'ஸ்திரீபார்ட்' கைகொடுத்தது போல இதற்கும் ஆயத்தச் சொல் ஒன்று இருந்திருந்தால் இவ்வளவு நீட்டி எழுத வேண்டியிருந்திராது.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம். ஜப்பானின் மரபு நாடக வகையான கபுகியின் அரங்கில், பார்வையாளருக்கு இடப்பக்கமாக, மேடையின் உயரத்திலேயே அவைக்குள் புகுந்து பின்சுவர் வரை நீளும் பலகைத்தளமே ஹனமிச்சி. 1603இல் கியோத்தோவின் காமோ ஆற்றுப்படுகையில் கபுகியைத் தொடங்கிவைத்தவராகச் சொல்லப்படும் இசுமோ நோ ஒக்குனி ஆடிய நாளில் இப்படி ஒன்று கிடையாது. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்தான் இது அரங்கின் நிலையான உறுப்பாயிற்று. அதன் கடைக்கோடியில் ஒரு சிற்றறையும் வாயிலில் ஒரு திரையும் உண்டு. அத்திரையின் உலோக வளையங்கள் கம்பியில் உரசிச் 'சரீங்' என்று ஒலித்ததும், அதுவரை மேடையை நோக்கியிருந்த தலைகளெல்லாம் பின்னால் திரும்பும். வரும் நடிகர் விறுவிறுவென்று மேடைக்குப் போய்விடுவதில்லை. பின்வாயிலிலிருந்து ஏழு பங்கும் மேடையிலிருந்து மூன்று பங்கும் தொலைவுள்ள ஓரிடத்தில் நின்று, இருபுறமும் கை எட்டும் தொலைவில் அமர்ந்திருப்போர் நடுவே பேசுவார், ஆடுவார், சிலையாக உறைந்து நிற்பார். அந்த இடத்துக்கு 'ஏழு-மூன்று' எனப் பொருள்படும் 'ஷிச்சிசன்' என்றே பெயர். அங்கே தளத்தில் ஒரு திறப்பும் உண்டு. ஆவிகளும் மாயவித்தைக்காரரும் அதன் வழியேதான் மேலெழுவர்.

'மலர்ப்பாதை' சொல்லுக்குச் சொல் சரி; 'ஹன' பூ, 'மிச்சி' வழி. ஆனால் 'ஹன' என்பது நடிகருக்கு ரசிகர் அளிக்கும் அன்பளிப்பையும் குறிக்கும் என்றும், அதை அளித்த இடமாதலால் இப்பெயர் வந்தது என்றும் ஒரு விளக்கம் உண்டு. அந்த இரட்டைப் பொருள் தமிழில் வராது. முன்பு ஒரு கட்டுரையில் 'மலர்ப்பாதை' என்று நானே எழுதியிருக்கிறேன், படித்த நண்பர், "நடிகர் வரும் வழியெல்லாம் பூத் தூவி வைப்பார்களா?" என்று கேட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது, சொல் அப்படித்தான் பேசுகிறது.

'நடைமேடை' என்றால் ரயில் வந்து நிற்கும். அதை விட்டுவிடலாம்.

'வரவுப்பாதை'தான் என்னை நீண்டநேரம் யோசிக்க வைத்தது. ஈழத்துக் கூத்தில் பாத்திரம் களரிக்குள் ஆடிப் புகுவதை 'வரவு' என்கிறோம். உயிருள்ள, நாட்டார் வழக்கிலிருந்து எடுத்த சொல். எனினும் ஹனமிச்சி வருவதற்கு மட்டும் உரியதன்று. 1840இல் ஏழாம் இச்சிகாவா தஞ்சூரோ முதன்முதலில் மேடையேற்றிய 'கஞ்சின்ச்சோ'வின் முடிவை எண்ணிப் பாருங்கள். தலைவன் யோஷிட்சுனேயைக் காவற்சாவடியிலிருந்து தப்பவைத்த பென்கெய், மேடையின் பெருந்திரை மூடிய பிறகும் அதற்கு வெளியே தனித்து நிற்கிறான். பின்னர் ஒற்றைக்காலில் தாவித் தாவி, கைகளை வீசி, அவையைப் பிளந்துகொண்டு ஹனமிச்சி வழியே வெளியேறுகிறான். மேடையே மூடிக்கிடக்க, நாடகத்தின் உச்சம் அந்தப் பலகைத்தளத்தில் நிகழ்கிறது. இதனை 'வரவு' என்பதும் பொருந்தாது, 'பாதை' என்பதும் பொருந்தாது. என் வாதமெல்லாம் இதுதான்: ஹனமிச்சி மேடைக்குச் செல்லும் வழியன்று, மேடையின் ஒரு பகுதி.

இன்னும் வலுவான சான்று, 1771இல் பொம்மலாட்டமாகத் தொடங்கிப் பின்னர் கபுகிக்கு வந்த 'இமோசேயாமா'வின் மலைக்காட்சி. பகைகொண்ட இரு குடும்பங்களின் வீடுகள் யோஷினோ ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே நிற்கின்றன. இக்காட்சிக்காக வலப்பக்கத்திலும் ஒரு தற்காலிக ஹனமிச்சியை அமைக்கிறார்கள். ஒரு வீட்டின் தந்தை ஒன்றிலும் மறுவீட்டின் தாய் மற்றொன்றிலும் நின்று ஆற்றைக் கடந்து பேசுகிறார்கள். அந்த ஆறு வேறெதுவுமன்று, இடையில் அமர்ந்திருக்கும் அவைதான்.

ஆகவே சொல்லின் முடிவில் 'மேடை' நிற்க வேண்டும். முதலில், அது அவைக்குள் புகுந்து கிடப்பதைக் காட்டும் ஒரு சொல் வேண்டும். 'ஊடு' அதைச் செய்கிறது. ஊடுருவல், ஊடுபயிர் ஆகியவற்றில் நாம் நாள்தோறும் பழகும் சொல்தான். குறிப்பாக ஊடுபயிர்: முதற்பயிரின் வரிசைகளுக்கிடையே வேறொரு பயிர் ஓடுவது போலவே, இருக்கை வரிசைகளுக்கிடையே மேடை ஓடுகிறது. 'ஊடல்' நினைவுக்கு வரும் என்று யாரேனும் சொல்லக்கூடும். ஊடுபயிர் விதைக்கும் உழவர் எவரும் பயிரோடு பிணக்கம் கொண்டதாகத் தெரியவில்லை.

ஹனமிச்சி என்றே ஒலிபெயர்த்து விட்டுவிடலாம் என்னும் கருத்துக்கும் மறுமொழி சொல்ல வேண்டும். ஜப்பானிய அரங்கைப் பேசும்போது முதல் முறை அச்சொல்லைத் தருவதில் தடையில்லை. ஆனால் 1910இல் பெர்லினில் நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் 'சுமுரூன்' நாடகத்துக்கு அவையின் ஊடே இப்படியொரு தளத்தை அமைத்தார். அதற்கெல்லாம் பொதுப்பெயர் ஒன்று வேண்டியிருக்கிறது. அதே வேளையில், 'நோ' என்னும் மற்றொரு ஜப்பானிய மரபு நாடக வகையின் அரங்கிலுள்ள 'ஹஷிகாகரி'யை இதனோடு சேர்க்கக் கூடாது. அது பின்புறமிருந்து சாய்வாக மேடையை வந்தடையும், கைப்பிடி வைத்த பாலம், முன்னால் மூன்று பைன் மரக்கன்றுகள் நிற்கும், அவையை ஊடறுப்பதில்லை. அதற்கு 'அரங்கப்பாலம்' போதும்.

பழஞ்சொல் எதையேனும் மீட்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை காட்டும் அரங்குக்கு ஏழுகோல் அகலம், எட்டுகோல் நீளம், இரண்டு வாயில்கள் உண்டு. அவைக்குள் நீளும் உறுப்பு எதுவும் இல்லை. இல்லாத பொருளுக்குப் பழஞ்சொல் தேடுவது வீண். ஆனால் திரையைப் பொறுத்தவரை அக்காதை கைகொடுக்கிறது. கறுப்பு, செம்பழுப்பு, பச்சை வரிகளுடன் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் இழுக்கப்படும் கபுகித் திரையைப் பட்டியலில் 'இழுதிரை' என்று இட்டிருக்கிறோம். ஒருபுறமிருந்து இழுபடும் திரைக்கு 'ஒருமுக எழினி' ஏற்கெனவே இருக்கையில் அது எதற்கு?

ஊடுமேடையை ஏற்றுக்கொண்டால், வலப்பக்கத்ததையும் சேர்த்து 'இரட்டை ஊடுமேடை' என்றும், ஷிச்சிசனை 'ஏழுமூன்று நிலை' என்றும் குறிக்கலாம். அந்நிலையில் உள்ள திறப்புக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ஜப்பானியத்தில் அதற்குப் பெயர் 'சுப்போன்'; அப்படியென்றால் ஒருவகை ஆமை. 'ஆமைப்பொறி' என்று எழுதிப் பார்த்தேன், அது ஆமை பிடிக்கும் கண்ணியாகிவிட்டது. வேறு யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.