சும்மா இரு

பாம்பன் பக்கத்துக்காரன் நான், ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். மௌன அனுபவம் என்று சொல்ல எனக்கு மலையும் இல்லை, ஆசிரமமும் இல்லை. சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் லட்சுமிபுரத்தில் தாயுமானவர் சமாதிக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்காருவேன், அவ்வளவுதான். அவரும் 18ஆம் நூற்றாண்டில் திருச்சியில் நாயக்கர் அரசில் கணக்கு வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடைசியில் எங்கள் மண்ணில் வந்து அடங்கினார். மௌனகுரு அவருக்குச் சொன்னது இரண்டே சொல். சும்மா இரு.

எங்கள் வீட்டில் "சும்மா இருடா" என்றால் திட்டு. வாயை மூடு என்று அர்த்தம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வீட்டைப் பிரிப்பதில் துபாயில் இருக்கும் அண்ணனோடு தகராறு வந்தபோது எட்டு மாதம் அவரிடம் பேசவே இல்லை. வெளியே பார்த்தால் விரதம், உள்ளேயோ ராத்திரி பகலாக அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். சமாதியில் உட்கார்ந்தாலும் பத்திரம், பங்கு, அன்றைக்கு அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை. அதை மௌனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் இருப்பதைப் பிய்த்துப் பையில் போட வேண்டும். ஒரு நாள் கரைக்கு வந்து துணியை அவிழ்க்கும்போது பக்கத்தில் இருந்தேன். உப்பில் ஊறி வெளுத்த விரல்கள், ஆள்காட்டி விரல் நுனியில் பாறை கிழித்த வெட்டு, துணி அதில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. "உள்ளே போனா என்னம்மா நினைப்பே?" என்று கேட்டேன். "முங்கினா பாசிதான்டா தெரியும். வேற எதையாவது நெனச்சா மூச்சு பத்தாது" என்றார்.

அந்த வாரமே அண்ணன் போன் செய்தார். எடுத்ததுமே சத்தம். பதிலுக்கு வாய் திறக்கப் போனவன், அப்புறம் சரி, கேட்போம் என்று இருந்துவிட்டேன். இந்தத் தடவை உள்ளேயும் பதில் தேடவில்லை, அவர் பேசியது மட்டும் காதில் விழுந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் மனுஷன் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் கேட்டது. பேசி ஓய்ந்தார். இரண்டு பக்கமும் பேச்சில்லை, அங்கே ஏசி ஓடும் இரைச்சல் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா இன்னும் பாசிக்குப் போறாங்களா?" என்றார். வீட்டு விஷயம் இன்னும் முடியவில்லை. பேசிக்கொள்கிறோம்.

இதைப் படித்துவிட்டு கீழக்கரையிலிருந்து ஒருவர் எழுதியது:
தம்பி, மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பது வேறு, மௌனம் வேறு, அது ரொம்பச் சரி. எங்கள் வாப்பா கடையில் கத்திக் கத்தியே பேசுகிறவர். ரமலான் கடைசிப் பத்து நாளில் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருப்பார், அதாவது அங்கேயே தங்கி வணக்கத்தில் இருப்பார். சின்னப் பையனாக நான் நோன்புக் கஞ்சி கொண்டு போவேன், தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு என் தலையில் கை வைப்பார், வேறு பேச்சு இருக்காது. பெருநாள் முடிந்து ஒரு வாரம் வரைக்கும் வீட்டில் அவர் குரல் தாழ்ந்தே இருக்கும். உம்மா தன் கஷ்டத்தை எல்லாம் அந்த வாரத்துக்காகத்தான் சேர்த்து வைத்திருப்பார்.

சின்னப்பாலத்திலிருந்து ஒருவர் எழுதியது:
நானும் பாசிக்குப் போனவள்தான் தம்பி. வள்ளத்தில் போகும்போது ஒரே பேச்சு, சிரிப்பு, சண்டை. முங்கி எழுந்ததும் ஒருத்தியும் உடனே வாய் திறக்க மாட்டாள், மூச்சு வாங்கும். அந்தக் கொஞ்ச நேரம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்போம், எல்லோரும் மேலே வந்தாச்சா என்று. அம்மா விரலுக்கு மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் போடுங்கள், ஆறும் வரைக்கும் உப்புத் தண்ணிக்கு விடாதீர்கள்.