பிஎம்பி (திட்ட மேலாளர் சான்றிதழ்த் தேர்வு) பாஸ் மார்க் 61 சதவீதமா? யார் சொன்னது?

தோஹா மேஸ்திரி, இரவு 9.10
நேற்று கணக்குப்புலி இங்கே ஒரு தம்பிக்குச் சொன்ன அறிவுரை இது: "61 சதவீதம் எடுத்தால் போதும், பிஎம்பி உங்கள் கையில்." அந்தத் தம்பி மாக் டெஸ்டில் 63 வாங்கியிருக்கிறார். இதை நம்பி அடுத்த வாரத்துக்குத் தேதியும் போட்டுவிட்டார். படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. தேர்வை நடத்தும் பிஎம்ஐ பாஸ் மார்க் என்று எதையும் வெளியிடுவதில்லை. 2021இல் மாற்றிய முறைப்படி 180 கேள்வி, 230 நிமிடம், கடைசியில் பாஸ் அல்லது ஃபெயில். பீப்பிள், ப்ராசஸ், பிசினஸ் என்விரான்மென்ட் என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் அபவ் டார்கெட், டார்கெட், பிலோ டார்கெட், நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட் என்று ஏதாவது ஒன்று வரும். அவ்வளவுதான் ரிப்போர்ட். சதவீதம் எங்கே இருக்கிறது? நான் பிஎம்பி வாங்கிப் பல வருஷம் ஆகிறது. அப்போது 'புரொஃபிஷியன்ட்' என்று போட்டுக் கொடுத்தார்கள். அதிலும் எண் கிடையாது.

கணக்குப்புலி, இரவு 9.24
மேஸ்திரி சார், ரிப்போர்ட்டில் இல்லை என்றால் உலகத்திலேயே இல்லை என்று அர்த்தமா? 2000-களின் நடுவில் பிஎம்ஐயே வாய்திறந்து சொன்ன கணக்கு: 175க்கு 106. வகுத்துப் பாருங்கள், 60.57. முழுமையாக்கினால் 61. நான் கனவு கண்டு சொல்லவில்லை.

தோஹா மேஸ்திரி, இரவு 9.31
அது போன தலைமுறைக் கதை தம்பி. அப்புறம் அந்த எண்ணையே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு எங்கே போட்டிருக்கிறார்கள், காட்டுங்கள்.

கணக்குப்புலி, இரவு 9.40
காட்டுகிறேன். அன்று 200 கேள்வி. அதில் 25 சோதனைக் கேள்வி, மார்க்கில் சேராது. மிச்சம் 175. 2021இல் மாற்றிய முறையில் 180 கேள்வி, 5 சேராது. மிச்சம் எவ்வளவு? 175. அன்றும் 175, 2021 முறையிலும் 175. இதைத் தற்செயல் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

வேளச்சேரிவாசி, இரவு 9.46
என் பாட்டி வீட்டுக் கதவு எண்ணும் 175தான். 106 பேர் போய்த் தட்டினால் பாட்டி சர்டிஃபிகேட் கொடுப்பாரா?

முதல்முயற்சி, இரவு 9.52
வணக்கம். ஒரு சின்ன சந்தேகம். நடுவில் இரண்டு இடைவேளை உண்டாமே, இடைவேளை முடிந்து வந்தபின் பழைய கேள்விகளுக்குத் திரும்பிப் போக முடியுமா? சனிக்கிழமை எனக்குத் தேர்வு.

அம்பத்தூர் அக்கா, இரவு 9.58
இரண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 61 என்கிறீர்களே, எதில் 61? 180 கேள்வியிலா, மார்க்கில் சேரும் 175இலா? எந்த நாளைக்கு எந்தக் கேள்வித்தொகுப்பு வந்தாலும் கோடு ஒரே இடத்தில்தான் இருக்குமா? மாக் டெஸ்ட் மார்க்கும் அசல் மார்க்கும் ஒரே தராசா? இதைப் பேசாமல் எவ்வளவு கத்தினாலும் பயனில்லை.

கணக்குப்புலி, இரவு 10.03
61 என்றால் 61தான் அக்கா. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இதற்கு எதற்குத் தராசு?

தோஹா மேஸ்திரி, இரவு 10.05
அக்கா, முதலில் அவர் ஆதாரம் காட்டட்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.

வேளச்சேரிவாசி, இரவு 10.11
கணக்குப்புலியின் கணக்கைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. போன வருஷம் இதே மனிதர்தான் வேலை முடியும்போது மொத்தச் செலவு எவ்வளவு என்ற கேள்விக்கு 11 லட்சம் என்று அடம்பிடித்தார். அடுக்குமாடிக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை, மொத்த பட்ஜெட் 10 லட்சம். முடிந்த வேலையின் மதிப்பு 4 லட்சம், செலவானது 5 லட்சம். ஆக சிபிஐ, அதாவது 4ஐ 5ஆல் வகுத்து வரும் செலவுத்திறன் குறியீடு, 0.8. 10ஐ 0.8ஆல் வகுத்தால் 12.5 லட்சம். பள்ளிக்கூடப் பிள்ளையே போடும். புலி மட்டும் 11 என்றது.

கணக்குப்புலி, இரவு 10.19
ஆஹா, வந்துவிட்டாரா? அந்த 11 லட்சம் இன்றைக்கும் சரிதான். ஏற்கெனவே ஆன செலவு 5, மிச்ச வேலைக்குத் திட்டமிட்டது 6, கூட்டினால் 11. முதல் மாடியில் பெயின்டர் டப்பாவைக் கொட்டிவிட்டான், இனிமேல் கொட்டமாட்டான் என்றால் 11. கட்டடம் முழுக்கக் கொட்டிக்கொண்டேதான் போவான் என்றால் 12.5. கேள்வியில் எது என்று எழுதவே இல்லை. நீங்களாக ஒரு பெயின்டரைக் கற்பனை செய்துகொண்டு என்னைக் குறை சொன்னீர்கள். மறக்கவில்லை.

வேளச்சேரிவாசி, இரவு 10.23
எனக்குத் தெரிந்த பெயின்டர் எல்லாருமே கொட்டுவார்கள். அதிருக்கட்டும், என் பிம்பாக், பிஎம்ஐயின் திட்ட மேலாண்மை வழிகாட்டிப் புத்தகம், ஆறாம் பதிப்பு எங்கே? இரவல் வாங்கிப்போய் இரண்டு வருஷம். 700 பக்கத்துக்கு மேல் இருக்கும் தடிப்புத்தகம், தொலைந்துபோயிற்று என்று சொல்லவும் முடியாது.

கணக்குப்புலி, இரவு 10.30
தருகிறேன். முதலில் 61க்குப் பதில் சொல்லுங்கள்.

மாணவர் மன்றம், இரவு 10.34
தேர்வைப் பற்றி எனக்குத் தெரியாது, மொழியைப் பற்றித் தெரியும். வேறொரு இடத்தில் நீங்கள் எல்லோரும் ஸ்டேக்ஹோல்டருக்குப் 'பங்குதாரர்' என்று எழுதியிருந்தீர்கள். பங்குதாரர் என்றால் பங்கு வைத்திருப்பவர். திட்டத்தால் பாதிக்கப்படும் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பங்கு? 'அக்கறையாளர்' என்று எழுதுங்கள்.

தோஹா மேஸ்திரி, இரவு 10.37
பக்கத்து வீட்டுக்காரருக்கு அக்கறை கிடையாது ஐயா, வயிற்றெரிச்சல்தான்.

தஞ்சை டெஸ்டர், இரவு 10.45
நான் போன மாதம் பாஸ். மூன்றிலும் அபவ் டார்கெட். 21 நாள்தான் படித்தேன். 61ஆ 71ஆ என்று நான் கவலைப்படவே இல்லை. பிம்பாக் ஆறாம் பதிப்பின் 49 ப்ராசஸ்களையும் மனப்பாடம் செய்த பெரியவர்கள் கொஞ்சம் வெளியே வந்து பார்க்க வேண்டும். 2021 ஜனவரியில் தேர்வை மாற்றியபோதே பாதிக் கேள்வி அஜைல் (சிறுசிறு பகுதியாக முடித்துப் பின்னூட்டம் கேட்டு வேலை செய்வது), ஹைப்ரிட் (அதையும் பழைய முறையையும் கலப்பது) ஆகிவிட்டது. சைட்டில் நின்று விசில் ஊதுகிறவர்களுக்கு இது புரியாது.

தோஹா மேஸ்திரி, இரவு 10.52
21 நாளாம். விண்ணப்பத்துக்குத் தேவையான 35 மணி நேர வகுப்பையும் அந்த 21 நாளுக்குள்தானே முடித்தீர்கள்? வீடியோவை ஓடவிட்டுப் பக்கத்து அறையில் தோசை சுட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். டிகிரிக்காரர் என்றால் 36 மாதம் திட்டத்தை வழிநடத்திய அனுபவம் வேண்டும். குழு தினமும் நின்றபடி பேசும் ஸ்டாண்டப் மீட்டிங்கில் நின்றதையும் அதில் சேர்த்துக்கொண்டீர்களா? என் விண்ணப்பத்துக்கு ஆடிட், அதாவது சொன்ன அனுபவம் உண்மையா என்ற சரிபார்ப்பு, வந்தது. பழைய மேலதிகாரி அதற்குள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கி, உறையின் மடிப்பின் மேல் இன்னொரு கையெழுத்து வாங்கி அனுப்பினேன். உங்களுக்கு ஆடிட் வந்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அஜைல் என்று எவனாவது வந்தால், பாதி ஸ்லாபைப் போட்டுவிட்டுப் பின்னூட்டமா கேட்பான்?

தஞ்சை டெஸ்டர், இரவு 10.58
நான் தோசை சுடவில்லை. உங்களுக்கு ஒரு மாதிரிக் கேள்வி: குழுவில் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தோஹா மேஸ்திரி, இரவு 11.01
இரண்டு பேரையும் அன்றைக்கே சைட்டை விட்டு அனுப்ப வேண்டும்.

தஞ்சை டெஸ்டர், இரவு 11.02
தப்பு. இரண்டு பேரையும் உட்காரவைத்து, சண்டைக்கு என்ன காரணம் என்று கேட்க வேண்டும். இன்றைக்கு எழுதினால் நீங்கள் ஃபெயில்.

கணக்குப்புலி, இரவு 11.06
எல்லோரும் தோசை, ஸ்லாப் என்று எங்கேயோ போய்விட்டீர்கள். நான் கேட்டதற்கு ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. பிஎம்ஐ '61 இல்லை' என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? எழுதவில்லை. என்னிடம் மாக் டெஸ்டில் 61க்கு மேல் எடுத்துப் பாஸ் ஆனவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

அம்பத்தூர் அக்கா, இரவு 11.13
உங்களிடம் வந்து சொன்னவர்கள் பாஸ் ஆனவர்கள் மட்டும்தான் தம்பி. 63 எடுத்துப் போய் ஃபெயில் ஆனவன் உங்களைத் தேடி வந்து நன்றியா சொல்வான்? மறுபடி எழுதப் பணம் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு படிப்பான். விண்ணப்பம் ஏற்றபின் ஒரு வருஷத்துக்குள் மூன்று வாய்ப்புத்தான். என்னுடைய முதல் வாய்ப்பு போனதே இப்படித்தான், யாரோ சொன்ன சதவீதத்தை நம்பி. மூன்றாவது மாக் டெஸ்டில் 66 வந்ததும் மேஜையைத் துடைத்து, சுவரில் தொங்கிய காலண்டரைக்கூடக் கழற்றிவிட்டு, வீட்டிலேயே எழுத உட்கார்ந்தேன். வீட்டில் எழுதினால் காகிதம் பேனா கிடையாது, கணக்கு போடத் திரையிலேயே ஒரு பலகை. மவுஸால் 8 எழுதினால் பூசணிக்காய் மாதிரி வந்தது. வேர்வையில் மவுஸ் வழுக்கியது. முடிவில் ப்ராசஸில் பிலோ டார்கெட், மொத்தத்தில் ஃபெயில். 2021 முறையில் ப்ராசஸ் மட்டும் 50 சதவீதம் எடை, பீப்பிள் 42, மிச்சம் 8. அந்தச் சதவீதங்கள் மட்டும்தான் வெளிப்படையாகப் போட்டிருப்பவை. அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

கணக்குப்புலி, இரவு 11.20
66 எடுத்தும் மவுஸால் போயிற்று என்கிறீர்கள். அதற்கு 61 என்ன செய்யும்?

வேளச்சேரிவாசி, இரவு 11.22
அக்கா இவ்வளவு சொல்லியும் அவர் கண்ணில் பட்டது மவுஸ் மட்டும்தான்.

மாணவர் மன்றம், இரவு 11.25
'பிலோ டார்கெட்' என்பதை 'இலக்குக்குக் கீழ்' என்று எழுதலாமே.

தோஹா மேஸ்திரி, இரவு 11.29
கணக்குப்புலி, கடைசியாக ஒரு தடவை. '61 இல்லை' என்று எழுதவில்லை, அதனால் 61 என்கிறீர்கள். '45 இல்லை' என்றும் அவர்கள் எழுதவில்லை. '35 இல்லை' என்றும் எழுதவில்லை. பிளஸ் டூ மாதிரி 35 எடுத்தால் பாஸ் என்று நான் ஒரு கடை திறக்கட்டுமா?

கணக்குப்புலி, இரவு 11.36
திறங்கள். தோஹாவில் ஒட்டகம்கூட வராது. 175க்கு 106 என்று சொன்னது பிஎம்ஐ. 35 என்று சொன்னது நீங்கள். வித்தியாசம் தெரிகிறதா? உங்களுக்கு என்மேல் கோபம் 61ஆல் வந்ததில்லை. கல்ஃப் வேலைக்கு விளம்பரம் கொடுக்கிறவன் எல்லாம் பிஎம்பி கேட்கிறான், போட்டிக்கு ஆள் பெருகுகிறது. அதனால்தான் புதுப்பிள்ளைகளைப் பயமுறுத்துகிறீர்கள்.

தோஹா மேஸ்திரி, இரவு 11.41
போட்டியா? மூன்று வருஷத்துக்கு 60 பிடியு, அதாவது தொடர்கல்விப் புள்ளி, சேர்த்துப் புதுப்பிக்காவிட்டால் அது வெறும் காகிதம். உங்களுடையது இப்போது உயிரோடு இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வேளச்சேரிவாசி, இரவு 11.43
புலி பதுங்குகிறது.

கணக்குப்புலி, இரவு 11.50
என் பிடியு என் சொந்த விஷயம். தலைப்பு பாஸ் மார்க். தலைப்பை விட்டு விலகாதீர்கள்.

முதல்முயற்சி, இரவு 11.54
மன்னிக்கவும், மறுபடி கேட்கிறேன். இடைவேளைக்குப் பிறகு பழைய கேள்விகளுக்குத் திரும்ப முடியுமா? அப்புறம், 63 எடுத்த தம்பி நான்தான். தேதியைத் தள்ளிப்போடட்டுமா வேண்டாமா, யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

அம்பத்தூர் அக்கா, இரவு 11.58
திரும்ப முடியாது கண்ணா. 60 முடிந்ததும் முதல் இடைவேளை, 120 முடிந்ததும் இரண்டாவது, ஒவ்வொன்றும் 10 நிமிடம். இடைவேளைக்குப் போகும்முன் அந்த 60ஐயும் சரிபார்த்து முடித்துவிட வேண்டும். பிறகு அது பூட்டிவிடும். நேரத்தைப் பிரித்துக்கொள், 60 கேள்விக்கு 75 நிமிடத்துக்கு மேல் போகாதே. தேதியைத் தள்ளிப்போடு என்றுதான் நான் சொல்வேன்.

தோஹா மேஸ்திரி, நள்ளிரவு 12.02
தள்ளிப்போடுங்கள் தம்பி. நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

கணக்குப்புலி, நள்ளிரவு 12.04
தள்ளவே வேண்டாம், 63 இருக்கிறது. அக்கா சொன்னதையே கவனியுங்கள். 60 முடிந்தால் பூட்டிவிடும், அப்புறம் தொடங்குவது எத்தனையாவது கேள்வி? 61. எங்கே போனாலும் 61தான்.

வேளச்சேரிவாசி, நள்ளிரவு 12.05
என் புத்தகம்.