இந்தியாவா, இந்தியாவுமா? ஐநா ஓட்டைப் பற்றி மேடையில் அடித்துவிடும் பேராசிரியர்களுக்கு

கெடிலக்கரையான்:
போன சனிக்கிழமை புதுச்சேரியில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. அண்ணன் மகன் கூப்பிட்டான் என்று கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். தலைப்பு 'காலநிலையும் உலக அமைதியும்'. பேச வந்த பேராசிரியர் கையை நீட்டி ஒரே போடாகப் போட்டார்: "2021 டிசம்பரில் ஐநா பாதுகாப்பு கவுன்சிலில் காலநிலைத் தீர்மானத்தைக் கொன்றது இந்தியா." பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது என்ன? 2021 டிசம்பர் 13. அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த வரைவு. காலநிலை மாற்றத்தைக் கவுன்சிலின் அமைதி, பாதுகாப்பு வேலைகளோடு நிரந்தரமாகக் கோக்க வேண்டும் என்பது சாரம். ஆதரவு 12, எதிர்ப்பு 2, சீனா நடுநிலை. எதிர்த்த இரண்டு பேர் ரஷ்யாவும் இந்தியாவும். நிறைவேற 9 ஓட்டுப் போதும். 12 விழுந்தும் தீர்மானம் செத்தது ஏன்? ரஷ்யாவிடம் வீட்டோ இருக்கிறது, ஒரே ஆள் எதிர்த்தாலும் தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம். நம்மிடம் இல்லை. இந்தியா இரண்டு கையையும் தூக்கி ஆதரித்திருந்தாலும் 13க்கு 1 என்று அதே இடத்தில்தான் விழுந்திருக்கும். பிறகு எப்படி ஐயா கொன்றது இந்தியா?

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். மைக் வரவில்லை. சமோசா வந்தது.

புதுவை_வாசகி:
ஐயா, அதே அரங்கில் மூன்றாவது வரிசையில் நானும் இருந்தேன். அவர் சொன்னது "கொன்றது இந்தியா" இல்லை. "இந்தியாவும் சேர்ந்து கொன்றது" என்றார். அந்த 'உம்'மை நீங்கள் சமோசாவோடு சேர்த்து விழுங்கிவிட்டீர்கள்.

எதிர்த்து ஓட்டுப் போட்டோமா இல்லையா, அதைச் சொல்லுங்கள். சீனா கூட எதிர்க்கவில்லை. சீனாவுக்கு இருந்த கூச்சம் நமக்கு இல்லாமல் போனது. 113 நாடுகள் அந்த வரைவை முன்மொழிந்து கூடவே நின்றன.

கெடிலக்கரையான்:
'உம்' இல்லை. தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் மனு கேட்ட காது இது.

113 என்று எண்ணிக்கை காட்ட வேண்டாம். கவுன்சிலில் ஓட்டுப் போடுவது 15 பேர். அதில் ஐந்து பேருக்கு வீட்டோ. அந்த ஐந்து பேரில் யார் புகை விடாதவர்? இந்தியா சொன்னது அதுதான். அன்று அங்கே பேசியவர் ஐநாவில் அப்போது இந்தியத் தூதராக இருந்த நம் திருமூர்த்தி, சென்னைக்காரர். காலநிலைக்கு 1992இலேயே தனி உடன்படிக்கை இருக்கிறது, எல்லா நாடும் உட்காரும் இடம் அது, இங்கே தூக்கிவராதீர்கள் என்றார். ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதிக்கு மட்டும் என்றால் ஆதரிக்கத் தயார் என்றும் சொன்னார். பேராசிரியர் இதைச் சொன்னாரா? சொல்லவில்லை.

புதுவை_வாசகி:
சென்னைக்காரர் பேசினால் சரியாகிவிடுமா? நானும் மயிலாப்பூரில் பிறந்தவள்தான்.

சீனா கூட எதிர்க்கவில்லை. இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மணக்குள_ரசிகன்:
ஒரு சின்னக் கேள்வி. இங்கே 'பாதுகாப்பு' என்று எதைச் சொல்கிறோம்? எல்லைப் பாதுகாப்பா, சாப்பாட்டுக்கு வழி இருப்பதா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீருமே.

இலக்கணப்புலி:
பண்ருட்டியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியன் எழுதுகிறேன். இந்த 'உம்' சாதாரண விஷயம் இல்லை. 'ரஷ்யாவும் இந்தியாவும் கொன்றன' என்றால் எண்ணும்மை, இருவருக்கும் பங்கு உண்டு. 'இந்தியாவும் கொன்றது' என்று தனியே வந்தால் எச்சவும்மை, இன்னொருவரும் செய்தார் என்பது தொக்கி நிற்கும். பேராசிரியர் எந்த உம்மையில் பேசினார் என்று தெரியாமல் அவரைத் தூக்கில் போட முடியாது.

கெடிலக்கரையான்:
எந்த உம்மையிலும் பேசவில்லை புலவரே. 'உம்'மே இல்லை என்கிறேன்.

தாழங்குடா_தம்பி:
அண்ணே, நீங்கள் ஐநாவில் இருக்கிறீர்கள், நான் கடற்கரையில் இருக்கிறேன். 2021 ஆகஸ்டில் புதுச்சேரி மீனவ ஊர்களான வீராம்பட்டினமும் நல்லவாடும் நடுக்கடலில் மோதிக்கொண்டன, ஞாபகம் இருக்கிறதா? போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. மீன் குறைந்தால் மீனவனும் மீனவனும் அடித்துக்கொள்வான். இது காலநிலையும் அமைதியும் இல்லையா? உங்கள் தீர்மானத்துக்கு நாலு மாதம் முந்தைய கதை.

கெடிலக்கரையான்:
தம்பி, அது சுருக்குமடி வலைச் சண்டை, மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் வலை. தடை செய்த வலையை ஒரு ஊர் போட்டது, இன்னொரு ஊர் தடுத்தது. கடல் சூடானதால் வந்த சண்டை என்று எழுதினால் வலை போட்டவனுக்குத்தான் கொண்டாட்டம். "நான் என்ன செய்வேன், கார்பன் செய்தது" என்று போய்விடுவான்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். சிரியாவில் இதே வேலை நடந்தது. 2006க்குப் பிறகு அங்கே கடும் வறட்சி, 2011இல் கலவரம், உடனே 'காலநிலைப் போர்' என்று எழுதினார்கள். அந்தத் தொடர்புக்கு ஆதாரம் போதாது என்று மறுத்து 2017இல் வேறு ஆய்வாளர்கள் எழுதியது யார் கண்ணிலும் படவில்லை. சுட்டவனுக்கு வானிலையைச் சாக்காகக் கொடுத்துவிட்டார்கள். வரைவு கொண்டுவந்த நைஜரிலேயே 2023 ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்கும் வெயில்தான் காரணமா?

தாழங்குடா_தம்பி:
வலை ஏன் சுருக்குமடிக்குப் போனது என்று யோசித்தீர்களா அண்ணே? பழைய வலையில் மீன் விழுந்தால் எவன் கடன் வாங்கி அதை வாங்குவான்? ஆபீஸில் உட்கார்ந்தவருக்கு இது புரியாது.

கெடிலக்கரையான்:
ஆபீஸில் உட்கார்ந்துதான் 2011இல் வந்த 'தானே' புயலுக்கு உங்கள் ஊர் நிவாரணப் பட்டியலை எழுதினேன் தம்பி.

தாழங்குடா_தம்பி:
அந்தப் பட்டியலைப் பற்றி நான் வாய் திறக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

புதுவை_வாசகி:
பேச்சை மாற்றாதீர்கள். காவிரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 ஜூனில் நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டது, டிசம்பரில் கர்நாடகத்தில் தமிழர்கள் அடி வாங்கி ஓடிவந்தார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் பஸ்கள் எரிந்தன. மழை நன்றாகப் பெய்த எந்த வருடத்தில் இப்படி நடந்தது? தண்ணீர் குறைந்தால் அமைதி கெடும் என்பதற்கு ஐநா வரை போக வேண்டாம், சேத்தியாத்தோப்பு வரை போனால் போதும்.

2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் படகோடு இறங்கியது. ராணுவம் தெருவுக்கு வந்த பிறகும் இது பாதுகாப்பு விஷயம் இல்லை என்றால் எப்படி ஐயா?

கெடிலக்கரையான்:
ராணுவம் வந்தது மீட்க, சுட அல்ல. கிருஷ்ணா நகருக்குப் படகு அனுப்ப ரஷ்யாவிடமும் அமெரிக்காவிடமும் அனுமதி கேட்க வேண்டுமா? கவுன்சிலுக்குக் கொண்டுபோனால் அதுதான் நடக்கும். அந்தக் கவுன்சிலின் கையில் இருப்பவை பொருளாதாரத் தடை, படை, நீலத் தொப்பி போட்ட அமைதிப்படை. இதில் எது மழையை நிறுத்தும்?

2009இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன, 2020க்குள் வருடத்துக்கு 10,000 கோடி டாலர் என்று. 2022இல்தான் அந்தத் தொகையை எட்டினோம் என்று அவர்கள் கணக்கே சொல்கிறது. கடனையும் சேர்த்து எண்ணிய கணக்கு அது. பணம் கொடுக்க இரண்டு வருடம் தாமதம், தீர்மானம் போட மட்டும் அவசரம்.

இன்னொன்று. 2007 ஏப்ரல் 17இல் பிரிட்டன் முதன்முதலாக இந்தப் பேச்சைக் கவுன்சிலுக்குக் கொண்டுவந்தது. அவர்கள் வெளியுறவு அமைச்சர் மார்கரெட் பெக்கெட் தலைமை. அன்று வளரும் நாடுகளின் கூட்டமைப்பான ஜி77 சார்பில் "இது இந்த அவையின் வேலை இல்லை" என்று பேசியது யார் தெரியுமா? பாகிஸ்தான். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான விஷயம் இது. அதையும் நாம் கொன்றோம் என்பீர்களா?

புதுவை_வாசகி:
பார்த்தீர்களா, இப்போது நீங்களே "இந்தியாவும்" என்று எழுதிவிட்டீர்கள்.

இலக்கணப்புலி:
அது எண்ணும்மை. செல்லும்.

பாகூர்க்காரன்:
இவ்வளவு சண்டையில் யாரும் நியூமூர் தீவைச் சொல்லவில்லையே. 1970 போலா புயலுக்குப் பிறகு வங்காள விரிகுடாவில் முளைத்த மணல் திட்டு. வங்கதேசம் அதைத் தெற்குத் தல்பட்டி என்றது. இரண்டு நாடும் உரிமை கொண்டாடின, 1981இல் நம் கடற்படைக் கப்பல் வரை போனது. 2010இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பார்த்தால் தீவைக் காணோம், மூழ்கிவிட்டது. கடல் ஏறியதால் சண்டை தீர்ந்த ஒரே இடம். கச்சத்தீவுக்கும் இப்படி ஒரு வழி பிறந்தால் நம் காரைக்கால் மீனவர்களாவது நிம்மதியாக இருப்பார்கள்.

தாழங்குடா_தம்பி:
கச்சத்தீவில் கை வைக்காதீர்கள். விளையாட்டுக்குக் கூட.

மணக்குள_ரசிகன்:
'பாதுகாப்பு' என்றால் என்ன என்று கேட்டிருந்தேன்.

புதுவை_வாசகி:
சின்னத் தீவு நாடுகளை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். பசிபிக் தீவு நாடான துவாலுவின் மக்கள் வருடத்துக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேற 2023இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஒரு நாடே மூட்டை கட்டுகிறது, இது அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லையாம். இன்னொரு பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்னால் நின்று கேட்டு, 2025 ஜூலை 23இல் சர்வதேச நீதிமன்றமே கருத்து சொல்லிவிட்டது, காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று. உலகம் அங்கே போய்விட்டது. நாம் டிசம்பர் 13இல் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. சீனா கூட...

கெடிலக்கரையான்:
சீனா கூட, சீனா கூட. தேய்ந்த ரெக்கார்டு.

வனுவாட்டு எந்த வழியாகப் போனது அம்மா? 2023 மார்ச்சில் பொதுச் சபை வழியாக. எல்லா நாட்டுக்கும் ஒரு ஓட்டு உள்ள சபை. 2009இல் பசிபிக் தீவுகள் காலநிலையையும் பாதுகாப்பையும் சேர்த்துக் கொண்டுவந்த தீர்மானமும் பொதுச் சபையில்தான், ஓட்டெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. அங்கே வீட்டோ இல்லை. நான் காலையிலிருந்து சொல்வதும் இதுதானே! என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டு என்னையே திட்டுகிறீர்கள்.

புதுவை_வாசகி:
உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்ல எனக்கு என்ன வேண்டுதலா? அந்தத் தீவுகளே கவுன்சிலிலும் பேச வேண்டும் என்றுதான் கேட்டன. 2021இல் 12 பேருக்கு அது புரிந்தது.

எனக்குத் தெரியும் இந்தக் கோபம் எதனால் என்று. 'தானே' புயல் கரை கடந்த இடம் பற்றிப் போன வருடம் எழுதியபோது உங்களைத் திருத்தினேன். அதிலிருந்து நான் என்ன எழுதினாலும் எதிர்ப்பு ஓட்டுதான்.

கெடிலக்கரையான்:
நீங்கள் திருத்தவில்லை. தவறாகத் திருத்தினீர்கள். 2011 டிசம்பர் 30 காலை 'தானே' கரை கடந்தது கடலூர் பக்கம். பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, புலவரைக் கேளுங்கள். ஆனால் டிவியில் என்ன வரும்? "புதுச்சேரி அருகே." ஃபெஞ்சலுக்கும் அதே. மழை உங்களுக்கு என்றால் அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டுத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் முழுவதும் எங்களுக்கு. பேர் மட்டும் உங்களுக்கு.

பாகூர்க்காரன்:
தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கமும்தான் புகுந்தது. நாங்கள் புதுச்சேரிதான். கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இலக்கணப்புலி:
என் தோப்பில் மட்டும் பதினேழு பலா. அறுபது வருடத்து மரங்கள். ஆனால் தானே கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் என்றுதான் அன்று பேப்பரில் போட்டிருந்தான்.

கெடிலக்கரையான்:
நடுவில் என்றால் எங்கே, தண்ணீரிலா? நீங்களும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டீர்களா புலவரே?

இலக்கணப்புலி:
நீங்கள்+உம். எச்சவும்மை. வேறு யார் சாய்ந்தார்கள்?

புதுவை_வாசகி:
கருத்தரங்கின் ஒலிப்பதிவு மாணவர்களிடம் இருக்கிறது. வாங்கிப் போடுகிறேன். 'உம்' இருந்தால் இதே இடத்தில் எழுதி ஒப்புக்கொள்வீர்களா?

கெடிலக்கரையான்:
போடுங்கள். 'உம்' இருந்தாலும் ஓட்டு ஓட்டுதான். 12க்கு 2. அதில் ஒன்றுக்கு மட்டும்தான் பல் இருந்தது. தானேயைப் பற்றி என் 2011 டைரியில் மணி முதற்கொண்டு குறித்து வைத்திருக்கிறேன், பரணில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் படம் போடுகிறேன்.

தாழங்குடா_தம்பி:
போன தடவையும் அதே பரண்தான் அண்ணே.